அரிய, அருமையான, அபூர்வமான: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. பக்கத்தில் கோடு போட்டுத் திருப்பித் தருகிற ஆளிடம் "இங்கே ஏன் கோடு?" என்று கேட்கத்தானே செய்வார்கள்? சந்தி பற்றிய சந்தேகங்களுக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் வந்தவை 'அருமை' என்ற சொல்லைச் சுற்றித்தான். அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்த மாதிரியே இருக்கின்றன.

அருமைன்னா நல்லதுன்னு அர்த்தமா, கிடைக்காததுன்னு அர்த்தமா?

இரண்டும்தான். ஆனால் எது முதலில் வந்தது என்று தெரிந்துகொண்டால் மீதிக் கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும். பழைய நூல்களில் அருமைக்கு எதிர்ச்சொல் எளிமை. "சொல்லுதல் யார்க்கும் எளிய, அரியவாம் சொல்லிய வண்ணம் செயல்" என்கிறது 664ஆம் குறள். வாயால் சொல்வது லேசு, சொன்னபடி செய்வது கஷ்டம். 'நன்றாக இருக்கிறது' என்ற பேச்சே அங்கே இல்லை.

கஷ்டப்பட்டுத்தான் கைக்கு வரும் என்றால் அந்தப் பொருள் குறைவாகத்தான் புழங்கும். குறைவாக இருப்பதைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வோம். பொத்தி வைத்துக்கொள்வது உசத்தியாகத் தெரியும். கடினம், அரிது, மதிப்பு, சிறப்பு என்று நாலு படி. 'அரும்பாடு பட்டேன்' என்பது முதல் படி. 'அரிய நாணயம்' இரண்டாவது. 'நிழலின் அருமை வெயிலில் தெரியும்' என்பதில் நிழல் ஒன்றும் கிடைக்காத பொருள் அல்ல, அதன் மதிப்பைச் சொல்கிறோம், ஆகவே மூன்றாவது. 'பாட்டு அருமை' நாலாவது. இந்த நாலு படியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி இதற்குத்தான் வருவேன்.

அப்போ அரியவும் அருமையானவும் ஒண்ணுதானே? எதைப் போட்டா என்ன?

வேர் ஒன்று. ஆனால் இன்றைய தமிழில் இரண்டும் பாகம் பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டன. 'அரிய' இரண்டாம் படியில் நிற்கிறது. எண்ணிக்கையில் குறைவு, எளிதில் கிடைக்காது. 'அருமையான' நாலாம் படிக்கு ஏறிவிட்டது. நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். 'அரிய புத்தகம்' என்றால் கடைகளில் தேடினாலும் கிடைக்காதது. அது படிக்கச் சகிக்காததாகவும் இருக்கலாம். 'அருமையான புத்தகம்' லட்சம் பிரதி விற்றதாகவும் இருக்கலாம்.

ஒருமுறை மருத்துவக் கட்டுரை ஒன்று மெய்ப்புக்கு வந்தது. முதல் பத்தியிலேயே "இது உலகில் மிகச் சிலருக்கே வரும் அருமையான நோய்" என்று இருந்தது. எழுதியவர் மருத்துவர், நல்ல தமிழ் ஆர்வலர். 'அரிய' என்று எழுதினால் சின்னச் சொல்லாகத் தெரிகிறதே என்று நீட்டிவிட்டாராம். திருத்தும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் யோசித்தால் அவர் செய்தது பழைய தமிழுக்குப் பெரிய துரோகமில்லை. இன்றைய காதுக்குத்தான் அது வேறு மாதிரி விழுகிறது.

அரிய வாய்ப்பா, அறிய வாய்ப்பா? ரெண்டுமே பார்த்திருக்கேனே?

சின்ன ரகரம். அரிய வாய்ப்பு. 'அறிய' என்பது அறிதல், தெரிந்துகொள்ளுதல். பேச்சில் பலருக்கு ரகரமும் றகரமும் ஒரே ஒலியாகிவிட்டதால் கை தடுமாறுகிறது. 'காண்பதற்கறிய காட்சி' என்று எழுதுவதும் இதே தடுமாற்றம்தான். காண்பதற்கு அரிய என்பதுதான் சேர்ந்து 'காண்பதற்கரிய' ஆகிறது. கிடைத்தற்கரிய, சொல்லற்கரிய, பெறற்கரிய எல்லாம் அப்படியே.

சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'எளிய' என்று வைத்துப் பாருங்கள். பொருள் தலைகீழாகி வாக்கியம் நின்றால் சின்ன ர. 'தெரிந்துகொள்ள' என்று வைத்து நின்றால் பெரிய ற. 'பலரும் அறியாத அரிய தகவல்' என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒரு வரி எழுதிப் பழகினால் பிறகு கை தானாகப் போகும்.

'அரியப் புகைப்படம்'னு நடுவுல ப் போடணுமா?

வேண்டாம். 'அரிய' பெயரெச்சம், அதன் பின் வல்லினம் மிகாது. அரிய புகைப்படம், அரிய செய்தி, அருமையான கட்டுரை. 'அருமையாகப் பாடினார்' என்பதில் மட்டும் ப் வேண்டும், ஏனென்றால் அங்கே 'ஆக' வந்துவிட்டது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதையும் யாராவது கேட்பார்கள்: 'ஒரு அரிய' அல்ல, 'ஓர் அரிய'. உயிரெழுத்துக்கு முன் ஓர். பேசுவதை அப்படியே எழுதுகிற கதையென்றால் 'ஒரு' இருந்துவிட்டுப் போகட்டும், நான் கோடு போடுவதில்லை.

அரியன்னும் எழுதறாங்க, அரிதானன்னும் எழுதறாங்க. வித்தியாசம் உண்டா?

இலக்கணத்தில் இல்லை, வாசனையில் உண்டு. 'அரிய' என்ற சொல்லில் மூன்றாம் படியின் மணம் லேசாக ஒட்டியிருக்கிறது. அரிய ஓலைச்சுவடி, அரிய மூலிகை என்னும்போது 'குறைவாக இருப்பது, அதனால் போற்ற வேண்டியது' என்று காதில் விழும். 'அரிதான' கணக்கை மட்டும் சொல்லும். ஆகவே நோய், விபத்து, பக்கவிளைவு போன்றவற்றுக்கு 'அரிதான' என்று எழுதுவதையே நான் விரும்புகிறேன். 'அரிய வகை நோய்' என்று செய்திகளில் நிறைய வருகிறது, அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரியும் இடம் நீதிமன்றம். 1980இல் பச்சன் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், மரண தண்டனை 'அரிதிலும் அரிதான' வழக்குகளில் மட்டுமே விதிக்கப்படலாம் என்றது. தமிழில் அந்தத் தொடர் அப்படியே நிலைத்துவிட்டது. அங்கே 'அருமையிலும் அருமையான வழக்கு' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். ஒரு விகுதி மாறியதும் நீதிபதி கைதட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

அருஞ்செயல், அரும்பாடு, அருந்தமிழ், ஆருயிர்... ஒரே சொல் எப்படி இத்தனை வேஷம் போடுது?

எனக்குப் பிடித்த கேள்வி. நன்னூலில் 'ஈறு போதல்' என்று தொடங்கும் ஒரு சூத்திரம் உண்டு, 136ஆவது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்திருப்பீர்கள். மை விகுதியில் முடியும் பண்புப் பெயர்கள் இன்னொரு சொல்லோடு சேரும்போது என்னென்ன ஆகும் என்று அது ஒரு பட்டியலே போடுகிறது. முதலில் வால் விழும்: அருமை 'அரு' ஆகிவிடும். பிறகு அடுத்த எழுத்தைப் பார்த்து உடை மாற்றும். க வந்தால் ங், ச வந்தால் ஞ், த வந்தால் ந், ப வந்தால் ம். அருங்கலை, அருஞ்செயல், அருந்தமிழ், அரும்பொருள். வல்லினத்துக்கு அதன் இனமான மெல்லினம் துணைக்கு வருகிறது, அவ்வளவுதான். ம, வ, ந வந்தால் துணை தேவையில்லை: அருமருந்து, அருவினை, அருநெறி. 'அரும்மருந்து' என்று எழுதாதீர்கள்.

உயிரெழுத்து வந்தால் வேறு கதை. வால் விழுந்த 'அரு' அடுத்த உயிரோடு முட்டிக்கொள்ளும். அப்போது முதலெழுத்து நீண்டு 'ஆர்' ஆகும். அருமை + உயிர் ஆருயிர். அருமை + அமுது ஆரமுது. பெருமை + ஊர் பேரூர் ஆவதும் இதே வழியில்தான்.

இந்தக் கூட்டுச் சொற்களில் பழைய பொருள் உறைந்துபோய் இருப்பதுதான் சுவாரசியம். தனியாக நிற்கும் 'அருமையான' நாலாம் படிக்கு ஓடிவிட்டது. ஆனால் 'அரும்பாடு' இன்னும் முதல் படியிலேயே உட்கார்ந்திருக்கிறது. 'அருஞ்செயல்' செய்வதற்குக் கடினமான செயல். 'அருங்காட்சியகம்' எளிதில் காணக் கிடைக்காதவற்றைக் காட்டும் இடம். அங்கே உள்ள உடைந்த மண் சட்டி அழகாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பாடப் புத்தகத்துல அருஞ்சொற்பொருள்னு வருதே, அது அழகான சொற்களோட பட்டியலா?

இதைக் கேட்டது ஏழாம் வகுப்புப் பெண். கேள்வி நியாயமானது, ஏனென்றால் அவளுக்குத் தெரிந்த 'அரு' எல்லாம் நாலாம் படிதான். அருஞ்சொல் என்றால் பொருள் விளங்கக் கடினமான சொல். அதற்கு எளிய பொருள் தருவதால் அருஞ்சொற்பொருள். சிலப்பதிகாரத்துக்கு உள்ள பழைய உரைகளில் ஒன்றின் பெயரே அரும்பதவுரை. கடினமான சொற்களுக்கு மட்டும் குறிப்பு எழுதிய உரை அது. பதில் சொன்னதும் "அப்ப ஈசியான சொல்லுக்கு எளிஞ்சொல்லா?" என்று கேட்டாள். இலக்கணப்படி தப்பே இல்லை, யாரும் வழங்கவில்லை, அவ்வளவுதான்.

அரியணை, அரிவாள், அரும்பு மீசை. இதெல்லாமும் இதே குடும்பமா?

ஒன்றுகூட இல்லை. அரியணையில் உள்ள அரி சிங்கம். சிம்மாசனத்தின் தமிழ்ப் பெயர் அது. அரிமா என்பதும் சிங்கம்தான். அரிவாள் அரிவதற்கான வாள், அதாவது வெட்டுவதற்கு. அரும்பு மீசை அப்போதுதான் அரும்புகிற மீசை. அதை 'அரும் + பு' என்று பிரித்து 'கிடைத்தற்கரிய மீசை' என்று விளக்கம் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். பதினாறு வயதுப் பையனிடம் கேட்டால் ஒருவேளை ஒப்புக்கொள்வான்.

கல்யாணப் பத்திரிகையில 'எங்கள் அருமை மகள்'னு போடறோமே, அங்கே என்ன அர்த்தம்?

செல்ல மகள், அன்பு மகள். இது மூன்றாம் படியிலிருந்து பிரிந்த கிளை. வரமிருந்து, தவமிருந்து, காத்திருந்து பெற்றது என்பதால் மதிப்பு, மதிப்பால் பாசம். 'அருமையாக வளர்த்தோம்' என்று சொல்லும் தாய் நன்றாக வளர்த்ததைச் சொல்லவில்லை, ஒரு சொல் பேசாமல் செல்லமாக வளர்த்ததைச் சொல்கிறாள். எழுதும்போது அருமை மகள், அருமை நண்பர். ஆனால் அருமைப் புதல்வி, அருமைத் தம்பி. இங்கே வல்லினம் மிகும், முன்பு சொன்ன 'அரிய'வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

'அருமந்த பிள்ளை' என்று பெரியவர்கள் சொல்வது இதன் நெருங்கிய உறவு. அருமருந்தன்ன பிள்ளை என்பது வாயில் தேய்ந்து அருமந்த பிள்ளையானது. எளிதில் கிடைக்காத மருந்தைப் போன்றவன் என்று பொருள். 'அன்ன' என்றால் போன்ற. மூன்று சொல்லை மென்று ஒன்றாக்கிவிட்டது பேச்சு. இலக்கணத்தில் இதற்கு மரூஉ என்று பெயர். இப்போது இந்தச் சொல்லைக் கேட்பதே அரிதாகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அபூர்வம் வடமொழிதானே? அதுக்குப் பதிலா அரியன்னு போட்டா சரியா வந்துடுமா?

பெரும்பாலும் வரும். ஆனால் பிறப்பில் இரண்டும் வேறு. அபூர்வம் என்பது 'அ' என்ற மறுப்பும் 'பூர்வ' என்ற சொல்லும் சேர்ந்தது. முன்பு இல்லாதது, இதுவரை நடக்காதது. அந்தக் கணக்கில் பார்த்தால் ஹாலி வால்நட்சத்திரத்தை அபூர்வம் என்றே சொல்லக்கூடாது. ஏறத்தாழ 76 ஆண்டுக்கு ஒருமுறை முறைதவறாமல் வருகிறது, 1986இல் வந்தது, 2061இல் மறுபடி வரும். ஆனால் தமிழில் அபூர்வம் தன் பழைய பொருளைக் கழற்றிப் போட்டுவிட்டு 'எப்போதாவது' என்ற பொருளில் வாழ்கிறது. 'அபூர்வமாகத்தான் கோபப்படுவார்' என்று சொல்லும்போது முன்பு ஒருநாளும் கோபப்பட்டதில்லை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. முன்பு நடக்கவே நடக்காததற்கு 'முன்னெப்போதும் இல்லாத', 'வரலாறு காணாத' என்று தனியாக வைத்துக்கொண்டோம்.

என் காதுக்குப் பட்ட வித்தியாசம் ஒன்று உண்டு. 'அரிய' பொருள்களோடு இயல்பாக ஒட்டும். 'அபூர்வ' மனிதர்களோடும் நிகழ்வுகளோடும் நன்றாகப் போகும். அரிய நாணயம், அபூர்வ மனிதர். 'அரிய மனிதர்' என்றால் கொஞ்சம் மேடைப் பேச்சாகிவிடுகிறது. பேச்சில் 'அவர் ஒரு ரேர் பீஸ்' என்கிறார்களே, அதில் பாராட்டு பாதி, கிண்டல் பாதி. அபூர்வத்தில் அந்தக் கிண்டல் இல்லை.

அற்புதம், அபாரம், பிரமாதம், அட்டகாசம்... எல்லாமே 'சூப்பர்'தானே? ஏன் வேலைமெனக்கெட்டு மாத்தி மாத்தி எழுதணும்?

பேச்சில் எல்லாம் சூப்பர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அபாரம் என்றால் கரை இல்லாதது. 'பாரம்' என்பது அக்கரை. சுமை என்ற பாரம் வேறு. அதனால்தான் அபாரம் அளவோடு சேரும்போது அழகாக இருக்கிறது: அபார நினைவாற்றல், அபார வளர்ச்சி. அமர்க்களம் போர்க்களம், அமர் என்றால் போர். கூட்டமும் சத்தமும் இல்லாத இடத்தில் அமர்க்களம் எடுபடாது. அட்டகாசம் வடமொழியில் பெருஞ்சிரிப்பு, வில்லன் சிரிக்கிற மாதிரி. தமிழுக்கு வந்து ரகளை என்றாகி, பிறகு பாராட்டாகவும் ஆனது. இன்றும் இரண்டு பொருளும் உயிரோடு இருக்கின்றன: 'குரங்குகள் அட்டகாசம்' என்ற தலைப்பைப் படித்துவிட்டு யாரும் கைதட்டுவதில்லை.

எல்லாவற்றையும்விடப் பிரமாதம்தான் பிரமாதம். வடமொழியில் அதற்குக் கவனக்குறைவு, தவறு என்று பொருள். நாம் அதைச் சிறப்பு என்ற பொருளில் வழங்குகிறோம். சமஸ்கிருதம் படித்த ஒரு பெரியவரிடம் "உங்கள் உரை பிரமாதம்" என்று சொன்னபோது அவர் கண்ணைச் சிமிட்டி, "எந்த இடத்தில் தவறு?" என்றார். 'அது ஒண்ணும் பிரமாதமில்லை' என்ற எதிர்மறை வழக்கும் நம்முடையதுதான். 'அது ஒண்ணும் அருமையில்லை' என்று அதே தொனியில் சொல்லிப் பாருங்கள், வராது.

அற்புதத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக. அது வியப்பு. தொல்காப்பியத்தில் வியப்புக்கு மருட்கை என்று பெயர். எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில் ஒன்று. அது நான்கு காரணத்தால் வரும் என்கிறது அந்நூல்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். முன்பு பார்க்காதது, மிகப் பெரியது, மிகச் சின்னது, ஒன்று இன்னொன்றாக மாறுவது. சிறுமையையும் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். யானையைப் பார்த்து வாய் பிளப்பது போலவே எறும்பின் காலைப் பார்த்தும் வாய் பிளக்கலாம். பாராட்ட ஒரு சொல் தேடும்போது நான் இந்த நாலையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதுண்டு. எதனால் அசந்துபோனோம் என்று தெரிந்தால் சொல் தானாக வரும்.

வழக்கத்துக்கு வேற மாதிரி இருக்குன்னு மட்டும் சொல்லணும். பாராட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். என்ன போடலாம்?

'வழக்கத்துக்கு மாறான' என்பதே போதும். நீளமாக இருந்தாலும் சாயம் இல்லாதது. 'அசாதாரண' பார்ப்பதற்கு நடுநிலைமாதிரி இருக்கும். ஆனால் திறமையோடு வந்தால் புகழ்ச்சி (அசாதாரணத் திறமை), சூழ்நிலையோடு வந்தால் அபாயம் (அசாதாரணச் சூழ்நிலை). 'விசித்திரம்', 'விநோதம்' இரண்டிலும் ஒரு புருவம் உயர்ந்திருக்கும். 'வித்தியாசமான' பேச்சில் நடுநிலை. ஆனால் யாராவது உங்கள் கவிதையைப் படித்துவிட்டு "ம்... வித்தியாசமா இருக்கு" என்றால் அவருக்குப் பிடிக்கவில்லை.

செய்தியில எப்பப் பார்த்தாலும் 'அரிய வகை ஆந்தை மீட்பு'. எவ்வளவு குறைவா இருந்தா அரியன்னு எழுதலாம்?

அந்த ஆந்தைப் படங்களை நானும் பார்த்திருக்கிறேன். இதய வடிவ முகத்தோடு வெள்ளை வெளேரென்று ஒரு கூகை உட்கார்ந்திருக்கும். கூகை அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் உண்டு. உலகில் மிகப் பரவலாக வாழும் பறவைகளில் ஒன்று. இரவில் நடமாடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. நம் கண்ணில் படாதது எல்லாம் அரியது அல்ல. அந்த இடத்தில் 'அரிதாகக் கண்ணில் படும்' என்று எழுதினால் உண்மையும் கெடாது, தலைப்பும் கெடாது.

சில துறைகளில் அளவு வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 பேருக்கு 5 பேருக்கு மேல் வராத நோய் அரிதான நோய். அமெரிக்காவில் நாடு முழுவதும் 2,00,000 பேருக்குக் குறைவாகப் பாதித்தால் அந்தப் பெயர். ஆக ஓர் இடத்தில் அரிதானது இன்னோர் இடத்தில் அப்படி இல்லாமலும் போகலாம். உயிரினங்களில் இன்னொரு நுட்பம் உண்டு: 'அரிய' வேறு, 'அருகிவரும்' வேறு. என்றைக்குமே குறைவாக இருந்த இனம் அரியது. முன்பு நிறைய இருந்து இப்போது குறைந்துகொண்டே வருவது அருகிவருவது. அருகுதல் என்றால் குறைதல். பக்கத்தில் என்ற 'அருகில்' அல்ல.

அருமண் தனிமங்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மொத்தம் 17. பெயரைப் பார்த்து அவை பூமியில் துளித்துளிதான் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அவற்றில் ஒன்றான சீரியம் பூமியின் மேலோட்டில் ஏறத்தாழ செம்பின் அளவுக்கே இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், இவை ஓரிடத்தில் திரண்டு கிடைப்பதில்லை. ஒன்றோடொன்று கலந்து கிடப்பதால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஆகவே இரண்டாம் படியின் பொருளில் 'அரு' என்பது தவறு, முதல் படியின் பொருளில் மிகச் சரி. பெயர் வைத்தவர்கள் இதை யோசித்து வைத்தார்களோ இல்லையோ, தமிழ்ச் சொல் தப்பித்துக்கொண்டது.

'அரிதாக'ன்னு எழுதினா பரீட்சைக் கட்டுரை மாதிரி இருக்கே. சாதாரணமா எப்படிச் சொல்றது?

எப்போதாவது, எப்பவாவது ஒருதரம், அபூர்வமாக. கொஞ்சம் நிறம் வேண்டுமென்றால் 'அத்தி பூத்தாற்போல'. அத்திப் பூ வெளியே தெரியாது. நாம் காய் என்று நினைப்பதன் உள்ளேயே நூற்றுக்கணக்கில் குட்டிப் பூக்கள் அடைந்திருக்கும். ஆகவே பூத்ததை யாரும் பார்த்ததில்லை. நெடுநாள் வராதவர் வீட்டு வாசலில் வந்து நின்றால் சிலர் "என்ன, அருமையா வந்திருக்கீங்க" என்று வரவேற்பார்கள். இது நாலாம் படி அருமை அல்ல, இரண்டாம் படி. ஆனாலும் வந்தவர் சந்தோஷப்படத்தான் செய்வார்.

யார் எதைக் காட்டினாலும் 'அருமை'ன்னு சொல்லிடறேன். தப்பா?

தப்பில்லை, தேய்மானம். சொல்லுகிற விதத்தில் அது எதிர்ப்பொருளுக்கும் போய்விடும். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருக்கும்போது "அருமை, ரொம்ப அருமை" என்று வரும் குரல் யாருக்கும் புரியும். எழுத்தில் குரல் இல்லை. அதனால் ஒற்றைச் சொல்லாக 'அருமை' என்று மட்டும் எழுதினால் மெய்யாகச் சொல்கிறீர்களா, குத்துகிறீர்களா, படிக்காமலே தள்ளிவிட்டீர்களா என்று எழுதியவர் குழம்புவார். 'மூன்றாம் பத்தியில் அந்தப் பாட்டி பேசும் இடம் அருமை' என்று இடத்தைச் சுட்டிவிட்டால் அதே சொல்லுக்கு மறுபடி உயிர் வந்துவிடும்.

ஒரே ஒரு பிரதிதான் இருக்கு. அதை 'மிக அரிய'ன்னு சொல்லலாமா, இல்ல 'தனித்துவமான'வா?

ஒன்றே ஒன்று என்றால் 'ஒரே பிரதி' என்று எழுதுங்கள். அதைவிட வலுவான சொல் கிடையாது. தனித்துவம் என்பது தன்மையைச் சொல்வது. ஆயிரம் பிரதி உள்ள புத்தகத்துக்கும் தனித்துவமான நடை இருக்கலாம்.

அரிதல்லன்னு எழுதறதா, அரிதன்றுன்னு எழுதறதா?

இலக்கணம் கறாராகப் பார்த்தால் ஒருமைக்கு அன்று, பன்மைக்கு அல்ல. அரிதன்று. இன்றைய உரைநடையில் 'அரிதல்ல' நிலைத்துவிட்டது, நான் தொடுவதில்லை. ஆனால் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 'அரிது' என்ற சொல்லுக்குள்ளேயே பாதி 'இல்லை' ஒளிந்திருக்கிறது. அதோடு இன்னொரு 'இல்லை' சேர்ந்தால் வாக்கியம் திரும்பி நின்று எழுதியவரையே கடிக்கும். 'அவர் வராமல் இருப்பது அரிது' என்றால் அவர் பெரும்பாலும் வந்துவிடுவார் என்று பொருள்; அவசரத்தில் படிப்பவர் வரமாட்டார் என்று எடுத்துக்கொள்வார்.

ஒரு மணிவிழா மலரில் பதிப்பாசிரியர் ஒருவரைப் புகழ்ந்து எழுதியிருந்தார்கள்: "இவர் பதிப்பித்த நூல்களில் பிழையில்லாத பக்கத்தைக் காண்பது அரிது." இரண்டு பேர் மெய்ப்புப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மூன்றாவதாக என்னிடம் வந்தது. 'பிழையில்லாத' என்பதை அடித்துப் 'பிழையுள்ள' என்று எழுதினேன். மாலையில் விழாக் குழுவிலிருந்து ஒருவர் கோபமாக அழைத்தார்: "பிழையுள்ளன்னு போட்டு அவரை அவமானப்படுத்தறீங்களா?" வாக்கியத்தை இரண்டு தடவை படித்துக் காட்ட வேண்டியிருந்தது. கடைசியில் மலரில் அந்த வரியே இல்லை.